பதினோராம் ராத்திரி

வண்ணார்பேட்டை, டயர்க் கடைக்கு மேல் மாடி.
ஆளுக்கு ஏழு நிமிடம்.
நாற்காலியில் நாங்கள் மூன்று பேர்,
முன்னால் முறுக்குத் தட்டு, தாள்,
மதிப்பெண் போட ஆளுக்கொரு பென்சில்.
எதிரே நின்று பேசுகிறவர்களுக்கு
நாங்கள் பணம். அவ்வளவுதான்.

என்னை ஏன் கூப்பிட்டார்கள் என்றால்
தச்சநல்லூரில் இருபத்தாறு வருஷமாக
மோட்டாருக்குக் காயில் கட்டுகிறேன்,
கொஞ்சம் மீந்திருக்கிறது.
அதில் இரண்டு முறை தப்புச் செய்திருக்கிறேன்.
ஒருமுறை கொடுத்து,
ஒருமுறை கொடுக்காமல்.

உவரியிலிருந்து வந்தவன் சூசை மிக்கேல்.
கருவாடு காயக் கண்ணாடிக் கூண்டு.
அவன் பேசப்பேச எனக்கே கடல் தெரிந்தது.
உப்புக் காற்றில் இந்தக் கம்பி
எத்தனை மாதம் தாங்கும் என்று
காயில் கட்டுகிறவன் கேட்டிருக்க வேண்டாமா?
கூண்டு இப்போது என் வீட்டுப் பின்புறம்.
என் மனைவி அதில் கோழி அடைக்கிறாள்.

மேலப்பாளையம் காஜா திக்கித் திக்கிப் பேசினான்.
இட்லி மாவைக் கவரில் போட்டு விற்பானாம்.
"திருநவேலியில மாவை எவம்ல காசு குடுத்து வாங்குவான்?"
கேட்டுவிட்டுச் சிரித்தேன்.
கூட இருந்தவர்களும் சிரித்தார்கள்,
அதில் எனக்கு ஒரு பெருமைகூட.
முருகன்குறிச்சி சிக்னலில்
அவன் வேன் என் பைக்கை ஒட்டி வந்து நிற்கும்.
சிவப்பு விழும்போதெல்லாம்
பின்கதவில் இருக்கும் போன் நம்பரை வாசித்து வாசித்து
மனப்பாடமாகிவிட்டது.

இன்று கடையத்துப் பெண், முப்பிடாதி.
கையில் டிபன் பாக்ஸ் அளவில் பெட்டி.
மலையடிக் கடலை வயலுக்குள் பன்னி இறங்கினால்
மூச்சைக் கேட்டுக் கத்தும், விளக்கடிக்கும்.
பக்கத்து நாற்காலி செல்வின் தங்கதுரை
பென்சிலைக் கீழே வைத்துவிட்டார்.
"இதுக்கு ஒரு நாய் போதாதாம்மா?"
எனக்குள் அந்தப் பழைய சிரிப்பு எழுந்து உட்கார்ந்தது.
பக்கத்திலேயே
துருவேறிய உவரிக் கம்பியும்.

கடையில் எனக்கொரு பழக்கம்.
ஒயரில் கரண்ட் இல்லை என்றாலும் நம்புவதில்லை,
இருக்கிறது என்றாலும் நம்புவதில்லை,
சொன்னவனை ஏசுவதும் இல்லை.
டெஸ்டரை வைப்பேன்.

"பன்னிக்கு இந்தச் சத்தம் பழகிட்டுன்னா?"

"பழகிரும் சார்.
பதினோராம் ராத்திரி பழகிட்டு.
பெட்டிக்குப் பக்கத்துலயே நின்னு தின்னுட்டுப் போச்சு.
எங்கப்பா ரெண்டு நாளு எங்கிட்ட பேசல."

நோட்டைத் திருப்பிக் காட்டினாள்.
தேதி, நேரம், எத்தனை பன்னி, எத்தனை குழி.
தோற்ற இடத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம்.
"சத்தத்த தெனம் மாத்தணும்.
அதுக்குத்தான் வந்தேன்."

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
அளப்பதற்கு ஒருவன்
வேட்டியை மடித்துக்கொண்டு இறங்கியாக வேண்டும்,
அதை யாரும் சொல்வதில்லை.

எட்டு லட்சம் கேட்டாள்.
நாற்பதாயிரம் என்றேன். மூன்று வயல், ஒரு அறுவடை வரை.
"பன்னெண்டாவது ராத்திரி நானும் வாரேன்."
செல்வின் என்னைப் பார்த்த பார்வையில்
கோழிக்கூண்டு தெரிந்தது.

வந்திருக்கிறேன்.
பரண்மேல் கொசு, பிளாஸ்க்கில் ஆறிப்போன டீ,
மலை இருக்கும் பக்கம் வெறும் கறுப்பு.
இரண்டு பத்துக்குப் பெட்டி கத்தியது.
விழுந்தடித்து ஓடினோம்.

பன்னி இல்லை.
பக்கத்து வயல் கன்றுக்குட்டி,
அறுத்துக்கொண்டு வந்த கயிற்றோடு நின்று
எங்களைப் பார்த்தது.

அவள் நோட்டை விரித்தாள். நான் டார்ச் பிடித்தேன்.
2.10. தப்பு. கன்னுக்குட்டி.
சிவப்பு வட்டம்.

என் கை ஒரு கணம் பைக்குள் போய்
வண்டிச் சாவியைத் தொட்டது உண்மை.

"விடிய இன்னும் நாலு மணி நேரம் கெடக்கு" என்றேன்.
அவள் பெட்டியை மறுபடி போட்டாள்.
டார்ச்சை அணைத்தேன்.